அண்ணனின் கழுத்தில் ஒரு கோடு

நான் என்ன வேலை செய்கிறேன் என்று எங்கள் தெருவில் எவருக்கும் சரியாகத் தெரியாது. சொல்லி விளங்கப்படுத்தும் பொறுமை எனக்கும் இல்லை. 'கொம்பியூட்டர் வேலை' என்று சொல்லிவைத்திருப்பதால், போனில் அழிந்துபோன படத்தை மீட்டுத் தரச் சொல்லியும், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் போட்டுத் தரச் சொல்லியும் ஆட்கள் வருவார்கள். ஏலாது என்றால் தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

என் வேலை இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்குழு, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எடுத்த மூளைப் படங்களை எனக்கு அனுப்பும். திருகோணமலையில், உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில், மின்விசிறிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு நான் அவற்றைத் துப்புரவாக்கித் திருப்பி அனுப்புவேன். இயந்திரத்தின் இரைச்சல், ஆள் அசைந்ததால் வந்த கலக்கம், இல்லாத இடத்தில் தோன்றும் பொய்க் கோடுகள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நீக்க வேண்டும். அமத்துவதற்குப் பொத்தான்கள் எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையின் பெயரையும், எந்தப் படம் என்பதையும், திருத்தியதை எந்தப் பெயரில் எழுதுவது என்பதையும் ஒரே வரியில் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அண்ணன் வரும்போதெல்லாம் இதைப் பார்த்துப் பகிடி பண்ணுவார். "படம் பார்க்கிற வேலை எண்டாய். படத்தைக் காணேல்ல, எழுத்துத்தான் ஓடுது."

"நீங்கள் மட்டும் கடலையோ பார்க்கிறீங்கள்? குனிஞ்சு மண்ணைத்தானே பார்க்கிறீங்கள்" என்பேன்.

அண்ணன் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய்க் கடலட்டையும் சங்கும் எடுத்து வருபவர். ஊருக்குப் பக்கத்தில் உப்புவெளியில் மச்சாளோடு, அதாவது தன் மனைவியோடு, இருக்கிறார்; நானும் மச்சாளும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கக் கடல் பேசாமல் கிடக்கும். அதுதான் அவருக்குத் தொழிற்காலம். மற்ற மாதங்களில் அவர் வீட்டில் இருப்பதை ஒருவராலும் தாங்க ஏலாது. கதவுப் பிணைச்சலைக் கழற்றிப் பூட்டுவார், நல்லாயிருக்கிற தண்ணீர்க் குழாயைத் திருத்துவார், மச்சாளின் குசினிக்குள் போய்ப் பானைகளை இடம் மாற்றுவார். ஓரிடத்தில் இருக்கத் தெரியாத குணம் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. எனக்கு அது நாக்கில், அவருக்குக் கை காலில்.

ஒரு கச்சான் காலத்தின் நடுவில், அண்ணனின் வலக்கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு போன். "கோப்பை கையில இருக்கோ இல்லையோ எண்டு பார்த்தாத்தானாம் தெரியுது" என்று மச்சாள் எனக்குப் போனில் சொன்னபோது, அவருடைய குரலில் பகிடி இல்லை.

இரண்டு பேரும் டொக்டரிடம் போனார்கள். சிலிண்டர் தூக்கித் தூக்கிக் கழுத்துப் பிடித்துவிட்டது என்றார் அண்ணன். கழுத்தெலும்பு ஏதும் நரம்பை நெரிக்கிறதோ என்று பார்க்க, டொக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அதற்காக இன்னோர் ஊருக்கு பஸ் ஏறிப் போய், படத்தோடும் அறிக்கையோடும் திரும்பி வந்தார்கள். எலும்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்துக்குள் இறங்கும் நரம்புத் தண்டின் நடுவில், மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தது. தண்டுக்குள் நீர் தேங்கிய குழியாக இருக்கலாம், படத்தில் வந்த பொய்க் கோடாகவும் இருக்கலாம் என்று இரண்டு வள்ளத்திலும் கால் வைத்து எழுதியிருந்தார்கள்.

டொக்டர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். குழி என்றால் இனிக் கடலுக்குள் இறங்கவே கூடாது, இறங்கினால் கையோடு காலும் போகலாம். பொய்க் கோடு என்றால் கழுத்துக்கு மருந்து, பயிற்சி, அவ்வளவுதான். அடுத்த முறை வரும்போது முடிவு சொல்கிறேன், அதுவரை தண்ணீருக்குள் இறங்க வேண்டாம்.

அடுத்த நாள் காலை மச்சாள் எங்கள் வாசலில் நின்றார். பின்னால் அண்ணன். சீடியைத் துவாயில் சுற்றி, அதை ஒரு பையில் போட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார் மச்சாள்.

"மச்சாள், நீங்கள் படத்தில கோடு அழிக்கிற வேலைதானே செய்யிறீங்கள். இதையும் ஒருக்கா அழிச்சுத் தாங்கோ."

"அழிச்சுப்போட்டு ஒரு பிரிண்டும் எடுத்துத் தா" என்றார் அண்ணன். "டொக்டருக்குக் காட்டிப்போட்டு நான் தொழிலுக்குப் போறன்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "இதென்ன கலியாண அல்பமோ, முகப்பரு அழிச்சுத் தாறதுக்கு? உண்மையான குழியெண்டா நான் அழிச்சாப்போல அது மூடிப்போகுமோ?"

மச்சாளின் முகம் சுருங்கியது. "எனக்கு உதொண்டும் விளங்காது மச்சாள். கோடு போனா வெருகல் கோயிலுக்கு நடந்து வாறன் எண்டு முருகனுக்கு நேர்ந்திட்டன். நீங்கள் உங்கட பக்கத்தைச் செய்யுங்கோ."

சீடியை வாங்கினேன்.

படத்தைத் திறந்தவுடன் என் நெஞ்சு கொஞ்சம் இலேசாகியது. அந்தக் கோடு அளவுக்கு மிஞ்சி ஒழுங்காக இருந்தது. நரம்புத் தண்டின் இரண்டு கரைகளுக்கும் சமமான தூரத்தில், கரை வளைகிற இடத்தில் தானும் வளைந்து, நேராகிற இடத்தில் தானும் நேராகி ஓடியது. உடம்பில் வருகிற வருத்தத்துக்கு இவ்வளவு ஒழுக்கம் இருக்காது. இயந்திரம் செய்யும் பொய்க்குத்தான் இருக்கும்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் கமராவைப் போலப் படம் பிடிப்பதில்லை. உடம்பை அலை அலையாக, பரும்படியான அலையிலிருந்து நுணுக்கமான அலை வரைக்கும் சேர்த்துக்கொண்டு போகிறது. ஆளை முழுநாளும் குழாய்க்குள் கிடத்தி வைக்க ஏலாது என்பதால் ஓரிடத்தில் நிறுத்திக்கொள்கிறது. சேர்க்காமல் விட்ட நுண்ணலைகளின் குறை, வெளிச்சமும் இருட்டும் சட்டென்று சந்திக்கிற கரையோரங்களில் பொய்க் கோடுகளாக வந்து நிற்கும். வள்ளம் ஒன்று இறங்குதுறைச் சுவரோடு வந்து முட்டி நின்ற பிறகு, சுவருக்குச் சமாந்தரமாகத் தண்ணீரில் வரிவரியாக நிற்குமே, அதைப் போல. எங்கள் தொழிலில் இதை ரிங்கிங் என்பார்கள். கழுத்துத் தண்டைச் சுற்றி வெள்ளையாக நீர், நடுவில் சாம்பலாகத் தண்டு. இரண்டு கரையிலிருந்தும் வருகிற வரிகள் நடுவில் சந்தித்தால், பார்க்கிறவருக்கு அது குழி.

ரிங்கிங்கை நீக்குவதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. படத்தை ஒரு புள்ளிக்கும் குறைவான தூரம் அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்க்கும். ஒவ்வோர் இடத்திலும் எந்த நகர்வில் வரிகள் அடங்கிக் கிடக்கின்றனவோ அதையே எடுத்துக்கொள்ளும். மூளைப் படங்களில் நாளாந்தம் நான் செய்கிற வேலை. கட்டளையைத் தட்டினேன். மச்சாள் என் கதிரைக்குப் பின்னால் நின்று முருகா, முருகா என்று முணுமுணுத்தார். படம் வந்தது. கோடு அப்படியே இருந்தது.

திரும்பவும் செய்தேன். அப்படியே இருந்தது.

"என்ன மச்சாள்?"

"கொஞ்ச நாள் விடுங்கோ. பார்த்துச் சொல்லுறன்."

நான் அதிகம் பொய் சொல்கிறவள் இல்லை. அன்று என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஓட்டோ பிடித்துப் போனார்கள்.

அடுத்த சில நாட்கள் நான் நானாக இருக்கவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் இருக்கச் சொல்லும். ஆய்வுக்குழுவுக்கு அனுப்ப வேண்டிய படங்களைத் தொடங்குவதும் விடுவதுமாக இருந்தேன். வெளியே கச்சான் அனலாக வீசியது. மழைக்காலத்தில் கட்டிய பந்தல் தகரம் ஒன்று பக்கத்து வளவில் ஓயாமல் தட்டிக்கொண்டு கிடந்தது. யாரும் அதைக் கழற்றவில்லை. நான் போய்ச் சண்டை பிடித்தும் கழற்றவில்லை. பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் நடந்தேன். பஸ் நிலையத்தடியில், ஊருக்குள்ளேயே திரியும் மான்கள் வழக்கம்போலக் குப்பைக்குள் வாழைத்தோல் தேடிக்கொண்டு நின்றன. எதைப் பார்த்தாலும் கோடாகவே தெரிந்தது. கப்பலின் பக்கத்தில் துருவின் கோடு, தண்ணீரில் எண்ணெயின் கோடு, மான்களின் முதுகில் புள்ளிகள் வரிசைப்பட்டு ஒரு கோடு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

அண்ணன் போன் எடுப்பார். "என்ன, அழிஞ்சுதோ?"

"இல்லை."

"சரி விடு. நான் நாளைக்குக் கிட்ட ஒரு இடத்தில இறங்கிப் பார்க்கப்போறன். ஆழமில்லை."

"இறங்கினா நான் உங்களோட கதைக்கமாட்டன்."

"நீ கதைக்காட்டி எனக்கு லாபம்தானே" என்று சிரிப்பார். ஆனால் இறங்கவில்லை. கரையில் நின்று மற்றவர்களுக்குச் சிலிண்டர் ஏற்றிக் கொடுத்தார் என்று மச்சாள் சொன்னார்.

ஆய்வுக்குழுவிலிருந்து வேறொரு இயந்திரத்தில் எடுத்த படங்கள் வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. புதுப் படங்கள் வந்தால் கட்டளை எதையும் தட்டுவதற்கு முன்னால், இயந்திரம் படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் விபரத்தைப் பார்ப்பேன். எத்தனை கட்டங்களாக அளந்தது, எத்தனை கட்டங்களாக எழுதியது என்று அதில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ரிங்கிங் கட்டளை வேலை செய்யும். சில இயந்திரங்கள் படம் வடிவாகத் தெரியட்டும் என்று, அளந்ததை இரண்டு மடங்காகப் பெருப்பித்து எழுதிவிடும். பெருப்பித்த படத்தில் பொய் வரிகளின் இடைவெளி மாறிப்போகும். கட்டளை அவற்றை அடையாளம் காணாமல் விட்டுவிடும்.

வேறு எவருடைய கழுத்தாக இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன். அண்ணனின் கழுத்து என்றவுடன் கை முந்திவிட்டது. திறந்து பார்த்தேன். பெருப்பித்த படம்தான்.

மச்சாளுக்குப் போன் எடுத்தேன். உப்புவெளியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர எடுக்கிற நேரத்துக்கு முன்னமே அவர் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது எனக்கு. அண்ணனும் வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வந்து பார்க்க அவருக்குப் பயம் என்று அப்போதுதான் விளங்கியது. படத்தை அளந்த அளவுக்கே திரும்பச் சுருக்கினேன். அதன் மேல் ரிங்கிங் கட்டளையைக் கொடுத்தேன். மூலப்படத்தையும் திருத்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன்.

கோடு போய்விட்டது. மச்சாள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பிறகு என் தலையைப் பிடித்து உச்சியில் கொஞ்சினார். இவ்வளவு காலத்தில் அவர் என்னைக் கொஞ்சியது அதுதான் முதல் தரம்.

"போயிட்டுதோ?" என்று வாசலில் இருந்து கேட்டார் அண்ணன்.

"போயிட்டுது, போயிட்டுது. வந்து பாருங்கோ."

அவர் வந்து பார்க்கவில்லை. முற்றத்துக்கு இறங்கி வள்ள முதலாளிக்குப் போன் எடுத்துக் கதைக்கத் தொடங்கினார். மச்சாள் தேத்தண்ணி போட என் குசினிக்குப் போனார்.

இந்த வேலையில் எனக்கு ஊறிப்போன ஒரு பழக்கம் இருக்கிறது. எதையாவது நீக்கிய பிறகு, மூலத்திலிருந்து திருத்தியதைக் கழித்து, நீக்கியது என்ன என்பதைத் தனிப் படமாகப் பார்ப்பேன். அதில் வரிகள் மட்டும் இருந்தால் நல்லது. உடம்பின் உருவம் ஏதும் தெரிந்தால், குப்பையோடு பொருளையும் கூட்டி வெளியே தள்ளிவிட்டோம் என்று அர்த்தம். அன்றும் கழித்துப் பார்த்தேன். சுத்தமான வரிகள். உடம்பு எதுவும் இல்லை. எனக்கும் கண் கலங்கியது. அந்தச் சந்தோசத்தில் திருத்திய படத்தை இன்னொரு முறை, சும்மா, ஆசைக்குப் பார்த்தேன்.

கோடு இருந்த இடத்தில், தண்டின் நடுவிலிருந்து பின்பக்கமாக, அரிசிமணி அளவில் ஒரு வெளிறல் இருந்தது. கோடு அதன் மேலாகவே ஓடியிருந்ததால் முன்பு தெரியவில்லை. பக்கத்துப் படத்தைத் திறந்தேன். அதிலும் இருந்தது. அதற்கு அடுத்ததில் மங்கலாக இருந்தது. அதற்கு அடுத்ததில் இல்லை. அதற்கு வரியின் ஒழுங்கு எதுவும் இல்லை, கரைக்குச் சமாந்தரமாகவும் இல்லை. ஓரம் பிசிறி, ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. உடம்பில் இருக்கிற ஒன்று அப்படித்தான் இருக்கும்.

நான் டொக்டர் இல்லை. அதை எனக்கு நானே பலமுறை சொன்னேன். குசினியிலிருந்து மச்சாள் சீனிப் போத்தல் எங்கே என்று கேட்டார். முற்றத்தில் அண்ணன், "ஓம் முதலாளி, இந்தக் கிழமையே வாறன்" என்றார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. மச்சாள் கொண்டுவந்த தேத்தண்ணியைச் சூட்டோடு குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

"முதலாளிக்குச் சொல்லுங்கோ, டொக்டரைப் பார்த்த பிறகுதான் எண்டு" என்றேன் அண்ணனிடம். கோடு அழிந்த படத்தைப் பிரிண்ட் எடுத்து மச்சாளிடம் கொடுத்தேன்.

அடுத்த நாள் விடிந்ததும் உப்புவெளிக்கு பஸ் ஏறினேன். அண்ணன் கரையில் கவிழ்த்து வைத்த வள்ளத்தின் நிழலில் இருந்து, இடக்கையால் முகமூடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி இரண்டு வெள்ளைக்காரர் பாயில் படுத்து வெயில் காய்ந்தார்கள். நான் மணலில் இருந்தேன்.

"அண்ணா, கடலுக்க ஏதும் நடந்ததோ?"

"என்ன நடக்கிறது? ஒண்டும் இல்லை."

"கோடு போயிட்டுது. அதுக்குப் பின்னால இன்னொண்டு இருக்கு. அது போகேல்ல."

"எந்த இடத்தில?"

நான் என் பிடரியைத் தொட்டுக் காட்ட முதல், அவருடைய இடக்கை தானாக அவருடைய பிடரிக்குப் போய்விட்டது. போன கையைக் கீழே இறக்க அவருக்குத் தெரியவில்லை.

"கச்சான் தொடங்கின புதுசில" என்றார் பிறகு. "ஆழத்தில அட்டை நிறையக் கிடந்தது. சிலிண்டரில காத்து முடியிற நேரத்தில கெதியா மேல வந்திட்டன். வள்ளத்தில ஏறி இருந்தா, முதல் தோள் குத்திச்சு. பிறகு கழுத்துக்குக் கீழ ஒண்டும் என்ர இல்லை."

"பிறகு?"

"வள்ளத்துப் பொடியள் வேற சிலிண்டரைக் கட்டித் திருப்பி இறக்கினாங்கள்."

ஆழத்தில் சுவாசித்த காற்று இரத்தத்தில் கரைந்து நிற்கும், கெதியாக மேலே வந்தால் குமிழியாகிவிடும் என்று வாசித்திருக்கிறேன். அட்டைக்கு இறங்குகிறவர்களுக்கு வாசிக்கத் தேவையில்லை. காத்துப் பிடித்தவனைத் திரும்பவும் கீழே கொண்டுபோய், ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருந்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவார்கள். சிலருக்குச் சுகமாகிவிடும். சுகமாகாதவர்களைப் பற்றி வள்ளத்தில் கதைப்பதில்லை.

"கால் வந்திட்டுது" என்றார் அண்ணன். "என்ர காலால நடந்துதான் வீட்ட போனனான். கைதான் கொஞ்சம் விறைச்ச மாதிரிக் கிடந்தது. மாறிப்போகும் எண்டு விட்டிட்டன்."

"டொக்டருக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா இறங்க விடமாட்டார். காத்துப் பிடிச்சவன் எண்டு கதை பரவினா ஒரு முதலாளியும் வள்ளத்தில ஏத்தமாட்டார்."

"நீங்கள் சிலிண்டர் தூக்கினது எண்டு சொன்னீங்கள். அவர் பாவம், எலும்பைத் தேடினார். படம் பார்த்தவையும் எலும்பைத்தான் தேடினவை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" நான் எழும்பி நின்று கத்தியிருக்கிறேன். பாயில் கிடந்த வெள்ளைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முகமூடியை மடியில் வைத்து, மெதுவாகச் சொன்னார். "அப்ப அதையும் அழிச்சு விடு தங்கச்சி."

"ஏலாது."

"கோட்டை அழிச்சாய்தானே."

"கோடு படத்தில இருந்தது அண்ணா. இது உங்களில இருக்கு."

அவர் கடலைப் பார்த்தார். காலை வெயிலில் அது தகரம் மாதிரிக் கிடந்தது. "மச்சாளுக்குச் சொல்லாத" என்றார்.

"நான் சொல்லமாட்டன். நீங்கள் டொக்டருக்குச் சொல்லுங்கோ. மச்சாள் பக்கத்தில இருப்பா."

டொக்டரிடம் போகிற நாளில் மச்சாள் புதுச் சாறி உடுத்தியிருந்தார். நான் கொடுத்த பிரிண்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். நான் லாப்டொப்பைத் திறந்து மூலப்படம், திருத்தியது, கழித்து வந்த வரிகள் மூன்றையும் டொக்டருக்குக் காட்டினேன்.

"இதை நீங்களே செய்தது?"

"ஓம் டொக்டர். இதை வச்சு முடிவெடுக்க வேண்டாம். இன்னும் நுணுக்கமா ஒருக்கா எடுப்பிச்சுப் பாருங்கோ. ரிங்கிங் எண்டா அதில கோடு வராது."

அவர் தலையாட்டினார். எழுதித் தந்தார். பிறகு எடுத்த படத்தில் அந்தக் கோடு வரவே இல்லை; அரிசிமணி மட்டும் அதே இடத்தில் இருந்தது. ஆனால் அன்று அந்த அறைக்குள் எங்களில் எவருக்கும் இன்னொரு படம் தேவைப்படவில்லை. டொக்டர் திருத்திய படத்தை அண்மையில் இழுத்து, கொஞ்ச நேரம் பார்த்தார். விரலை அந்த வெளிறலில் வைத்தார்.

"கை விறைக்கத் தொடங்கினது எப்ப எண்டு சொன்னனீங்கள்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நொடி அவர் பேசாமல் இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

"சிலிண்டர் தூக்கினதால இல்லை டொக்டர்" என்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னார். மச்சாள் அவரைப் பார்க்காமல் கையிலிருந்த பிரிண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் பேனையை வைத்தார். "அண்டைக்கே வந்திருந்தா காத்தழுத்த அறைக்குள்ள வச்சுக் குமிழியைக் கரைச்சுப் பார்த்திருக்கலாம். இப்ப எவ்வளவு திரும்பி வரும் எண்டு என்னால சொல்ல ஏலாது. பயிற்சி செய்யுங்கோ, கொஞ்சம் வரலாம். ஆனா கடல் இனி இல்லை. இன்னொருக்கா இறங்கினா உங்களைத் தூக்கிக்கொண்டுதான் வரவேணும்."

"ஓம்" என்றார் அண்ணன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சனம் குறைவு. அண்ணன் ஜன்னல் பக்கம் இருந்தார், மச்சாள் அவருக்குப் பக்கத்தில். நான் அடுத்த பக்கத்து இருக்கையில், அவர்களுக்கு நேராக. எனக்கு இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. லாப்டொப் பையின் ஸிப்பைத் திறந்து திறந்து பூட்டினேன்.

"என்னட்ட ஏன் சொல்லேல்ல?" என்று மச்சாள் கேட்டார்.

"சொன்னா விடமாட்டாய்."

"ஓம்" என்றார் மச்சாள். "விட்டிருக்கமாட்டன்தான்."

கொஞ்சம் பொறுத்து, எனக்கோ அண்ணனுக்கோ இல்லாமல், முன்னால் இருந்த இருக்கையைப் பார்த்துச் சொன்னார். "முருகன் ஏமாத்தேல்ல. நான் கோட்டை மட்டும்தானே கேட்டனான். வெருகலுக்கு நடக்கத்தான் வேணும்."

பஸ் குடாவைச் சுற்றி வளைந்தபோது கடல் தெரிந்தது. நங்கூரமிட்ட கப்பல்களுக்கு இந்தப் பக்கம் இரண்டு வள்ளங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தன. அண்ணன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். அவருடைய வலக்கை மடியில் மல்லாந்து கிடந்தது. மச்சாள் தன் கையை அதன் மேல் வைத்து, விரல்களுக்கிடையில் விரல்களைக் கோத்து, இறுக்கிப் பிடித்தார். அண்ணன் திரும்பவில்லை. வள்ளங்கள் மறையும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பயணச் சீட்டை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவராக மடியைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் மச்சாளின் கை அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்தது.